பூஜை வரியை மறுத்த ஹாஜி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற ஆண்டு என் அக்காவின் திருமணத்தின்போது எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் ஒன்று எழுந்தது. கருகமணி கட்டுவது பிற சமயத்தாரின் தாலியைப் பார்த்து வந்த வழக்கம், மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்றார் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மாமா. ஐவேளைத் தொழுகையை ஒருநாளும் தவறவிடாத நன்னிமாவோ, தம் கழுத்துக் கருகமணியைப் பற்றிக்கொண்டு அசைய மறுத்தார். யார் பக்கம் நிற்பதென்று எனக்குத் தெரியவில்லை. மார்க்கத்தோடு மோதாத ஊர் வழக்கத்தை உலமாக்கள் பலர் ஏற்பார்கள்; பிற சமயத்தாரைப் போல ஆகிவிடக் கூடாது என்று எச்சரிப்போரும் உண்டு. இந்தக் குழப்பத்தோடு கல்லூரி நூலகத்தில் தேடியபோது கிடைத்தவர்தான் வங்கத்து ஹாஜி ஷரீஅத்துல்லாஹ்.

அவர் 1781-ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்தின் ஃபரீத்பூர்ப் பகுதியில் ஷாமைல் என்னும் சிற்றூரில் பிறந்தார். எட்டு வயதளவில் தந்தையை இழந்தார். சிறுவனாகவே வீட்டை விட்டுக் கல்கத்தாவுக்கு ஓடி, ஓர் ஆசிரியரிடம் குர்ஆன் கற்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் அந்த ஓட்டம் என்னைக் கவர்ந்ததில் வியப்பில்லை. 1799-இல் அதே ஆசிரியருடன் மக்கா சென்றவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரபு நாட்டிலேயே பயின்று, 1818-இல் ஊர் திரும்பினார்.

திரும்பியவர் கண்ட காட்சிகள் அவரை வருத்தின. பிறப்பிலும் இறப்பிலும் ஊரார் சடங்குகள், அடக்கத்தலங்களில் சிரம் பணிதல், முஹர்ரம் மாதத்தில் தாஜியா ஊர்வலம் என வாழ்ந்த மக்களிடம், முதலில் ஃபர்ளான கடமைகளைச் செய்யுங்கள் என்று போதித்தார். அதனாலேயே அவருடைய இயக்கத்துக்கு ஃபராயிஸி என்று பெயர் வந்தது. பீர், முரீது என்ற சொற்களையும் விலக்கி, ஆசிரியர், மாணவர் என்றே சொல்லச் செய்தார். இது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் ஜமீன்தார்களின் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. 1793-இல் கம்பெனியார் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தபின், ஜமீன்தார்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை உயராமல் நின்றது. குடியானவனிடமிருந்து வாங்குவதோ நிற்கவில்லை. குத்தகைக்கு மேல் ‘அப்வாப்’ என்று விதவிதமான வரிகளைப் பிடுங்கினார்கள். காளி பூஜைக்கும் துர்கா பூஜைக்குமான வரியும் அவற்றுள் அடக்கம். அப்பகுதி ஜமீன்தார்களில் பெரும்பாலோர் இந்துக்கள்; குடிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பூஜைக்கு வரி கொடுப்பது இறைவனுக்கு இணை வைப்பதற்குத் துணைபோவதாகும், ஆகவே கொடாதீர்கள் என்றார் ஹாஜி. பிற சமயத்தார் தம் பூஜையைச் செய்வதை அவர் தடுத்தாரில்லை. அதற்கான பணத்தை ஏழை நெசவாளியிடமும் உழவனிடமும் பறிப்பதையே தடுத்தார். மார்க்கத் தீர்ப்பு ஒன்று ஏழையின் வயிற்றுக்கும் சோறானது. விளைவு என்ன? 1831-இல் டாக்கா மாவட்டத்து நயாபாரியில் மோதல் மூண்டு, அவர் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. அரசினரும் அவரைக் கலகக்காரராகவே கண்காணித்தனர்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் என்னால் ஏற்க இயலவில்லை. முஸ்லிம் ஆட்சியாளர் நியமித்த காஜி இல்லாத நாட்டில் ஜும்ஆவும் பெருநாள் தொழுகையும் கூடா என்றார். ஹனஃபி சட்டத்தில் அதற்கு ஆதாரம் காட்டினார்கள்தாம். இருந்தாலும், வாரம் முழுதும் சேற்றில் உழைத்தவன் வெள்ளிக்கிழமை ஊரோடு கூடி நிற்பதை இழந்தானே! ஜவுன்பூர் கராமத் அலி போன்ற உலமாக்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் ஃபராயிஸிகள் 1947 வரை அந்தத் தொழுகைகளை நடத்தவில்லை.

ஆனால், ஊர் வழக்கம் அனைத்தையும் அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. வங்காளத்து வேட்டியை விடாமல் உடுத்தினார்கள். கச்சம் வைக்காமல், நம் ஊரில் கட்டுவதுபோல இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவே.

1840-இல் ஹாஜி காலமானார். தூது மியான் என்று அறியப்பட்ட அவர் மகன் முஹ்சினுத்தீன் அஹ்மத், நிலம் இறைவனுடையது, அதற்கு வரி கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று ஒருபடி மேலே போய், அவுரித் தோட்டத் துரைமாரையும் எதிர்த்துச் சிறை கண்டு, 1862-இல் மறைந்தார். ஷரீஅத்பூர் என்ற மாவட்டம் இன்றும் தந்தையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வளவையும் மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன். பூஜை வரிக் கதையைக் கேட்டு மகிழ்ந்தார். வேட்டி விஷயத்துக்குச் சிரித்தார். கருகமணியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா அதைக் கழற்றவில்லை.