பாட்டன் டாங்கியை மறித்த ஸ்டோர் ஹவில்தார்



பரம்வீர் சக்ரா அப்துல் ஹமீது என்ற பெயரை நீங்கள் எல்லோரும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். 1965 இந்திய-பாகிஸ்தான் யுத்தத்தில் டாங்கிகளை உடைத்தவர் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். எப்படி உடைத்தார்? அதை யாரும் சொல்வதில்லை. சினிமா சண்டை மாதிரி நாமே கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கென்னவோ அவர் கதை நம்ம டிப்ளமோக்காரர்களுக்குத்தான் நன்றாகப் புரியும் என்று தோன்றுகிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

உத்தரப் பிரதேசம் காசிப்பூர் மாவட்டத்தில் தாமுபூர் என்று ஒரு கிராமம். அங்கே 1933 ஜூலை 1-ல் பிறந்தார். அப்பா முகமது உஸ்மான் தையல்காரர். மகன் தையல் மிஷினில் உட்காரவில்லை. 1954 டிசம்பரில் பட்டாளத்தில் சேர்ந்தார். கிரெனேடியர்ஸ் படையின் 4-வது பட்டாலியன். 1962-ல் சீனப் படையோடு நாம்கா சூ ஆற்றங்கரையில் நடந்த சண்டையிலும் இந்தப் பட்டாலியன் இருந்தது.

டாங்கி எதிர்ப்புப் பிளட்டூனில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். பிறகு கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் ஆனார். நம்ம பாஷையில் சொன்னால் ஸ்டோர் பொறுப்பு. ரேஷன், உடுப்பு, சாமான் கணக்கு. ஆனால் 106 மி.மீ. ரீகாயில்லெஸ் கன்னில் அவரைப் போல் குறி பார்க்கிற ஆள் பட்டாலியனில் இல்லை. யுத்தம் வந்ததும் கணக்கு நோட்டை வைத்துவிட்டு மறுபடியும் கன் பக்கம் வந்தார்.

இந்தக் கன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். சாதாரண பீரங்கி சுட்டால் பின்னால் உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி, முதல் வருஷமே படித்தோமே! அந்த உதையை ஜீப் தாங்காது. அதனால் ரீகாயில்லெஸ் கன்னில் வெடிவாயுவில் ஒரு பங்கைப் பின்பக்க ஓட்டைகள் வழியாக வெளியே விட்டுவிடுகிறார்கள். குண்டு முன்னால், வாயு பின்னால், இரண்டும் சமம். கன் அசையாது. சுமார் 200 கிலோ எடைதான், ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம்.

அருமையான டிசைன்தான். ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கு. பின்னால் போகிற வாயு நெருப்பும் புகையுமாகப் போகும், புழுதியைக் கிளப்பும். ஒரு ரவுண்டு சுட்டாலே போதும், எங்கே இருக்கிறோம் என்று எதிரிக்கு நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. சுட்ட உடனே இடத்தை மாற்றியாக வேண்டும். எதிரே 40 டன்னுக்கு மேல் எடையுள்ள பாட்டன் டாங்கி, அதில் 90 மி.மீ. பீரங்கி. இங்கே ஜீப். ஒரு தகடு கவசம் கிடையாது.

1965 செப்டம்பரில் பஞ்சாப் எல்லையில் கேம்கரண் ஊரைத் தாண்டி பாகிஸ்தான் டாங்கிப் படை உள்ளே வந்தது. நம் ராணுவம் அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி அணிவகுத்து நின்றது. அந்த ஊர்ப் பெயருக்குச் சரியான பதில் என்று அர்த்தம் சொல்வார்கள்; பெயர்ப் பொருத்தம் பாருங்க! வாய்க்காலை உடைத்து வயலில் தண்ணீர் விட்டார்கள், டாங்கிகள் சேற்றில் திணறின. பக்கத்தில் சீமா கிராமத்துக்கு முன்னால் கரும்பு மறைவில் 4 கிரெனேடியர்ஸ் இருந்தது. 8-ஆம் தேதி தொடங்கிய சண்டையில் ஹமீது ஏற்கெனவே டாங்கிகளை வீழ்த்தியிருந்தார்.

செப்டம்பர் 10. காலை 8 மணிக்குப் பலத்த ஷெல் வீச்சு. அதன் பின்னால் பாட்டன் டாங்கிகள் வந்தன. 9 மணிக்கெல்லாம் நம் முன்வரிசைக்குள் நுழைந்துவிட்டன. ஹமீது நேரே எதிரில் போகவில்லை. ஜீப்பைப் பக்கவாட்டுக்கு ஓட்டச் சொன்னார். முகப்பில்தான் டாங்கிக்குக் கவசம் தடிமன், பக்கத்தில் மெல்லிசு. முன்னால் வந்த டாங்கி முதல் அடியிலேயே விழுந்தது. உடனே இடம் மாறினார். இன்னொரு டாங்கி பற்றி எரிந்தது.

அதற்குள் மற்ற டாங்கிகள் ஜீப்பைக் கண்டுபிடித்துவிட்டன. மெஷின்கன்னும் ஷெல்லும் அந்த ஒரு ஜீப்பை நோக்கியே வந்தன. அந்தக் கன்னின் குணம் அவருக்குத் தெரியாதா? அடுத்த ரவுண்டு சுட்டால் என்ன ஆகும் என்று அந்த வயலில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. இருந்தும் அடுத்த டாங்கி மேல் சுட்டார். சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஷெல் வந்து விழுந்தது. அப்போது வயது 32.

நான் இதை வெறும் வீராவேசம் என்று எழுத மாட்டேன். இடம் மாறத் தெரிந்த மனுஷன், அதுவரை மாறிக்கொண்டே இருந்தவர். கடைசி ரவுண்டையும் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்.

அசல் உத்தரில் பாகிஸ்தான் இழந்தது 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. பிடிபட்டவற்றைப் பீகிவிண்டில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள், அந்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயர் வந்தது. யுத்தம் முடிவதற்கு முன்பே பரம்வீர் சக்ரா அறிவிப்பு வந்தது. 1966 ஜனவரி 26 அன்று டெல்லியில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் கையால் அதை வாங்கிக்கொண்டவர் ஹமீதின் மனைவி ரசூலன் பீபி. அந்த அம்மா 2019 வரை இருந்தார். ஹமீதின் கல்லறை அசல் உத்தரிலேயே, அவர் சண்டை போட்ட வயல்களுக்கு நடுவில் இருக்கிறது.