மட்டை பிடித்த கையும் மைக் பிடித்த கையும்



ஹாக்கி என்றதும் உங்கள் வாயில் முதலில் வரும் பெயர் எது? தயான்சந்த். சந்தேகமே இல்லை. அவர் பிறந்த ஆகஸ்ட் 29ஆம் தேதியைத்தான் தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறோம். சரி, அந்தத் தயான்சந்த் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஆடிய 1928இல் நம் அணிக்குக் கேப்டன் யார்? போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

விடை கிடைத்தது நூலகத்தில் அல்ல. குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயன் வீட்டில். இலை பறிக்க ஆள் பத்தாமல் இப்போது ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வேலை செய்கிறார்கள். அதில் ஒரு அண்ணன் வீட்டுச் சுவரில், கோட்டு சூட்டு போட்ட ஒருவர் படம் மாட்டியிருந்தது. யாருங்கண்ணா இவரு, உங்க ஊர் எம்.எல்.ஏ.வா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அரைகுறைத் தமிழில், இவர்தான் எங்கள் மராங் கோம்கே, ஹாக்கி கேப்டன் என்றார். மராங் கோம்கே என்றால் முண்டா மொழியில் பெருந்தலைவர். அவர் பெயர் ஜெய்பால் சிங் முண்டா. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1903 ஜனவரி 3. ராஞ்சிக்குத் தெற்கே, குந்தி பக்கம் தக்ரா என்ற மலைக் கிராமத்தில் ஒரு முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். மாடு மேய்த்த பையன். ராஞ்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். படிப்பிலும் ஆட்டத்திலும் அவர் காட்டிய திறமையைப் பார்த்த தலைமையாசிரியர், தம்மோடு இங்கிலாந்துக்கே அழைத்துப் போய்விட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. பொருளாதாரப் படிப்பு ஒரு பக்கம், ஹாக்கி மட்டை ஒரு பக்கம். பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவர்களுக்கு அங்கே 'புளூ' என்று ஒரு கௌரவம் உண்டு. நம் நாட்டு மலைக்காட்டுப் பையன் அதையும் வாங்கிவிட்டார். பின்களத்தில் நின்று பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர்.

அடுத்து ஐ.சி.எஸ். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஓர் இந்தியனுக்கு உத்தியோகமே கிடையாது. அதற்கும் தேர்வாகி, ஆக்ஸ்ஃபோர்டிலேயே பயிற்சியில் இருந்தார். அப்போதுதான் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போகும் இந்திய அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். லீவு கேட்டார். லீவு இல்லை என்று பதில் வந்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வேலைதான் முக்கியம் என்று வீட்டில் அம்மாவும் மாமாவும் நம்மைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அவரோ லீவு இல்லாமலே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்!

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 5 ஆட்டம் ஆடியது. போட்ட கோல் 29. வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. 1928 மே 26 அன்று இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை 3–0 என்று வென்று தங்கம் வாங்கினோம். இந்தியாவுக்கு ஹாக்கியில் அதுதான் முதல் தங்கம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. அணிக்குள் ஏற்பட்ட மனக்கசப்பில் பாதியிலேயே விலகிவிட்டார். பின்னிகர் என்பவர் தலைமையில் முடித்தார்கள். திரும்பிப் போனால் ஐ.சி.எஸ். அதிகாரிகள், லீவு இல்லாமல் போனதற்காகப் பயிற்சியை இன்னும் ஒரு வருஷம் நீட்ட வேண்டும் என்றார்கள். முடியாது என்று அந்தப் பதவியையே உதறினார். ஒரே வருஷத்தில் இறுதி ஆட்டமும் கை நழுவியது, கலெக்டர் நாற்காலியும் போயிற்று.

அதற்குப் பிறகு கல்கத்தாவில் எண்ணெய்க் கம்பெனி வேலை, ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் நாட்டில் ஆசிரியர் வேலை, ராய்ப்பூரில் ராஜகுமாரர்கள் படிக்கும் கல்லூரியில் வேலை, பிகானீர் சமஸ்தானத்தில் உத்தியோகம் என்று பத்து வருஷம் ஓடியது. இதோடு நின்றிருந்தால் பேரும் புகழும் உள்ள பழைய ஆட்டக்காரர் என்று மாலை போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அவர் வாயைத் திறந்தார். அங்கேதான் கதை ஆரம்பம்.

1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை தாங்கினார். நிலம் பறிபோன, காட்டுக்குள் நுழையவே அனுமதி கேட்க வேண்டியிருந்த மக்கள் நடந்தே வந்து கூடினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு படித்த நம்ம பையன் நமக்காகப் பேசுகிறான் என்று அவர்களுக்கு ஆனந்தம். மராங் கோம்கே என்ற பெயர் அந்த ஜனங்கள் கொடுத்தது. மற்ற பக்கத்தில் வேறு மாதிரி பேசினார்கள். இங்கிலீஷ்காரர் வளர்த்த பிள்ளை, சூட்டு போட்ட துரை, தேசப் போராட்டத்தைப் பிளக்க வந்தவர் என்றெல்லாம் ஏச்சு. ஹாக்கியில் கைதட்டிய படித்த கூட்டம் இந்தப் பேச்சில் முகம் சுளித்தது.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். டிசம்பர் 19 அன்று நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மேல் பேசினார். காட்டுவாசி என்று ஊரே ஏளனமாகச் சொல்லும் அந்தப் பெயரைத் தாமே பெருமையோடு எடுத்துக்கொண்டார். பழங்குடி மக்களுக்கு யாரும் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து மற்றவர்கள்தான் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். இத்தனை பெரிய சபையில் ஒரு பழங்குடிப் பெண்கூட இல்லையே என்றும் கேட்டார். பிற்பாடு மதுவிலக்கைப் பற்றி விவாதம் வந்தபோது, எங்கள் பூஜையில் அரிசிக் கள்ளுக்கு இடம் உண்டு, அதில் கை வைக்காதீர்கள் என்று எழுந்து நின்றார். காந்தியடிகள் காலமான அதே 1948இல் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள். ஆதிவாசி என்ற சொல்லே சட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டார், அது நடக்கவில்லை.

பேசுகிறவனுக்குப் பொறுப்பும் உண்டு. 1948 ஜனவரி 1. கர்சாவான் என்ற ஊரை ஒரிசாவோடு சேர்த்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் சந்தை மைதானத்தில் கூடினார்கள். ஜெய்பால் சிங் வருவார், பேசுவார் என்று எதிர்பார்த்து வந்த கூட்டம். அவர் வரவில்லை. போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். இன்றைக்கும் ஜார்க்கண்டில் பலர் ஜனவரி முதல் தேதியைப் புத்தாண்டாகக் கொண்டாடுவதில்லை, துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஒருவன் பேச்சை நம்பி ஜனம் வீட்டை விட்டுக் கிளம்புகிறது என்றால், அது கைதட்டல் மாதிரி லேசான விஷயம் இல்லை.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டசபையில் 32 இடம் பிடித்து முக்கிய எதிர்க்கட்சி ஆனது. ஆனால் தனி மாநிலம் கிடைக்கவில்லை. 1963இல் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். தோளில் தூக்கிய அதே ஜனங்களில் பலர், எங்களைக் கைவிட்டுவிட்டாரே என்று கசந்து போனார்கள். 1970 மார்ச் 20 அன்று டில்லியில் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000 நவம்பர் 15 அன்று பிறந்தது, அவர் போய் முப்பது வருஷம் கழித்து! 2021இல் ஜார்க்கண்ட் அரசு பழங்குடி மாணவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப அவர் பெயரிலேயே உதவித்தொகை தொடங்கியது.

இது ஒரு நாட்டுக் கதை மட்டும் இல்லை. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் தங்கமும் வெண்கலமும் வாங்கிய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் இருவரும் அமெரிக்காவின் சான் ஹோசே கல்லூரி மாணவர்கள். கறுப்பு மக்களின் உரிமைக்காகப் பரிசு மேடையில் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். ஓடும்போது ஆரவாரம் செய்த அரங்கத்தில் கூச்சல் கிளம்பியது. அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். 2005இல் அதே கல்லூரி வளாகத்தில் அந்த இருவருக்கும் சிலை எழுந்தது. ரசிகர்களுக்குப் புரிய 37 வருஷம் ஆகியிருக்கிறது!

இனி, ஏன் இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு விளையாட்டு விழாவில் 5000 மீட்டரில் முதலாக வந்தவன் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி நண்பன். அவன் கடைசிச் சுற்று ஓடும்போது பனியில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். பரிசு வாங்கியதும் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்குவான் என்று பார்த்தால், அவன் தன் குடியிருப்பைப் பற்றிப் பேசினான். ரோடு இல்லை, ராத்திரி யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் தொட்டில் கட்டி யானை நடமாடும் பாதையில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும், நான் ஓடக் கற்றுக்கொண்டது அந்தப் பாதையில்தான் என்றான். கூட்டம் கப்சிப். பின்னாலிருந்து ஒரு விசில், ஒரு கேலிச் சிரிப்பு. அன்று ராத்திரி விடுதியில் அவனிடம், நீ ஓடுறதோட நிறுத்திக்கோடா, அரசியல் எதுக்கு என்று சொன்னது ஒரு நண்பன். அந்த நண்பன் நான்தான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தான். அதற்கப்புறம் எந்த மேடையிலும் மைக்கைத் தொடவில்லை. எனக்கு அது உறுத்தவும் இல்லை. அந்த லயன் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்க்கிறவரைக்கும்.

தோழர்களே! தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் வாழும் மலை நம் நீலகிரி. அவர்கள் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள், நமக்காக ஓடுகிறார்கள். காலுக்குக் கைதட்டிவிட்டு வாயை மூடச் சொல்வது எந்த ஊர் ரசிகத்தனம்? அவன் சொல்வதை நாம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எதிர்த்துக் கேள்வியும் கேட்கலாம். ஜெய்பால் சிங் சொன்னதையெல்லாம் எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா என்ன? ஆனால் பேசி முடிக்கும்வரை கேட்கலாமே.

நண்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சிரித்தான், அவ்வளவுதான். அடுத்த விளையாட்டு விழாவில் அவனிடம் மைக் போகும்போது நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீங்களும் வாங்க!

— இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு