தொரப்பாடிச் சிறையிலிருந்து வெள்ளை மாளிகை வரை



பாகாயத்தில் வாழும் நமக்குத் தொரப்பாடி மத்திய சிறை அறிமுகமான இடம். 1921 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள்களே இருக்கும்போது, சேலத்து வழக்கறிஞர் ஒருவர் அங்கே அடைக்கப்பட்டார். ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்ததற்காக மூன்று மாதத் தண்டனை. சிறையில் இருந்தபடியே அவர் நாட்குறிப்பு எழுதினார். அவர்தான் நாம் ராஜாஜி என்று அறிந்திருக்கும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

பின்னாளில் அவர் வகித்த பதவிகள் பல. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாகாண முதலமைச்சராகவும் இருந்தார். அவர் செய்த அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. 1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் அரை நாள் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றது. தோல் பதனிடும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் அது நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் முதுமையில் அவர் செய்த ஒரு காரியம் இன்று அதிகம் பேசப்படாமல் போய்விட்டது. அதைத்தான் இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

1961 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் அதுவரை உலகம் கண்டிராத பெரிய அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் பசிபிக் கடலில் வரிசையாகச் சோதனைகளைத் தொடங்கியது. காற்றில் கலந்த நஞ்சு எந்த நாட்டு எல்லையையும் மதிக்கவில்லை. அந்த ஜூன் மாதம் டெல்லியில் காந்தி அமைதி நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு கூட்டியது. அதையடுத்து ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகிய மூவரும் அமெரிக்கா சென்றனர்.

அப்போது ராஜாஜிக்கு வயது 83. அரசுப் பதவி எதுவும் இல்லை. நேருவை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் அவர். பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்தவர். அமெரிக்காவின்மேல் பரிவு கொண்டவர். எதிரியைக் கண்டிப்பது எவருக்கும் எளிது. தமக்கு வேண்டியவரிடமே போய், சோதனையை முதலில் நீங்கள் நிறுத்துங்கள் என்று சொல்ல அவர் புறப்பட்டதைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். அப்பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் கென்னடி. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. முதியவர் சொன்னதை இளைய தலைவர் மரியாதையோடு கேட்டார். ஆயினும் சோதனைகள் நிற்கவில்லை. நவம்பர் தொடக்கம் வரை நடந்தன.

அந்தச் சந்திப்புக்குப் பதினெட்டு நாள் கழித்து, கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் எழும்பும் படங்கள் கென்னடியின் மேசைக்கு வந்தன. உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. அக்டோபர் 20-இல் சீனப் படைகள் நம் எல்லைக்குள் புகுந்தன. அமைதித் தூது போய் வந்த ராஜாஜி, நாட்டைக் காக்க மேலை நாடுகளின் உதவியைப் பெற வேண்டும் என்றார். இதை முரண்பாடு என்பார் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டைக் காப்பது வேறு, உலகையே எரிக்கும் ஆயுதம் வேறு.

அதே நாள்களில் உரோமையிலும் ஒரு முதியவர் பேசினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அக்டோபர் 11-இல் தொடங்கிவைத்த திருத்தந்தை 23-ஆம் யோவான், தாம் புற்றுநோயால் வாடிய நிலையிலும், அக்டோபர் 25 அன்று வானொலி வழியாக இரு தரப்புத் தலைவர்களிடமும் அமைதிக்காக மன்றாடினார். அடுத்த ஆண்டு பெரிய வியாழனன்று உலக அமைதி பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். ஜூன் மாதம் இறைவனடி சேர்ந்தார். வான்வெளியிலும் கடலிலும் அணுச் சோதனையைத் தடுக்கும் உடன்படிக்கை 1963 ஆகஸ்டு 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தானது. பூமிக்கு அடியில் நடத்தும் சோதனைகளுக்கு அதில் தடை இல்லை.

ராஜாஜி ஓயவில்லை. 1966 அக்டோபரில் ஐ.நா. அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ஆங்கில வேண்டுதல் பாடல் அவர் எழுதியது. அணுப்போரின் அச்சத்தில் வாழும் மனிதரை இறைவன் மன்னித்து ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு மெட்டமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவ இசைஞர் ஹேண்டல் மானுவேல்.

ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு நாளில், தமது 94-ஆம் வயதில் சென்னையில் காலமானார்.