பல்லாவரத்துக் கல்லும் கர்னூல் எலும்பும்: ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் வாழ்க்கை

நமது நாட்டின் தொன்மையைக் குறித்துப் பெருமை பேசாத மேடை இல்லை. ஆயினும், அத்தொன்மைக்கு ருசு யாது என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பாராயின், பிரசங்கிகளிற் பலர் பழம் பாடல்களையும் கடல் கொண்ட குமரி நாட்டையும் காட்டுவரேயன்றிப் பல்லாவரத்தைக் காட்டுவார் அரியர். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் அரைமணி நேரத்திற்குள் இறங்கிவிடக்கூடிய அவ்வூரில், சரளை மண் வெட்டிய ஒரு பள்ளத்தில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி கண்டெடுக்கப்பட்ட கல்லாயுதம் ஒன்றினால்தான் இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது முதன்முதலாக ருசுவாயிற்று. அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். கற்களின் பொருட்டே அவர் பெயர் இன்று வழங்குகிறது. ஆனால், அக்கற்களுக்கு வயது காண்பதற்காக அவர் எலும்புகளைத் தேடி அலைந்த கதை அவ்வளவாக அறியப்படவில்லை. அதுவே நாம் இங்குச் சொல்லப் புகுவது.

அந்நிய சர்க்காரிடம் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர் ஒருவரைத் தேசீயப் பத்திரிகை புகழ்வதா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. 1851-இல் இந்தியப் பூகர்ப்ப இலாகா ஏற்பட்டது நமது பூர்வ சரித்திரத்தை நமக்கு உணர்த்துவதற்காக அன்று. நிலக்கரி எங்கே கிடக்கிறது என்று கும்பினியார் அறிந்துகொள்வதற்காகவே. ஃபூட்டும் தென்னாட்டின் பாறைகளை அளந்து, படம் வரைந்து, எஜமானர்களுக்கு அறிக்கை அனுப்பியவர்தாம். ஆயினும், ஒரு மனிதன் கூலிக்குச் செய்த வேலை வேறு. ஓய்வு நேரத்தில் உள்ளத்தின் தூண்டுதலால் செய்த வேலை வேறு. அவருடைய பூர்வகால ஆராய்ச்சியிற் பெரும்பகுதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இங்கிலாந்தில் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-இல் பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். ஹென்றி பிளான்போர்டு, வில்லியம் கிங் முதலியோர் அவருடைய சகாக்கள். சென்னையில் அவர் மணந்துகொண்டது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் புதல்வியை. இப்பெர்சிவல் தமிழருக்கு அந்நியர் அல்லர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக் கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவரும், தினவர்த்தமானி என்னும் பத்திரிகையைத் தொடங்கியவரும், பின்னர்ச் சென்னை ராஜதானிக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவரும் அவரே. மாமனார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். மருமகனார் தமிழ் மண்ணின் கற்களைத் திரட்டினார்.

ஃபூட்டைத் தூண்டியது எது என்பதை அறிய ஐரோப்பாவைச் சிறிது நோக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் சோம் நதிக்கரைச் சரளையில், மனிதன் செதுக்கிய கற்களையும் அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளையும் ஒரே அடுக்கில் கண்டதாக பூஷே த பெர்த் என்பவர் பல ஆண்டுகள் சொல்லி வந்தார். கேட்டவர்கள் நகைத்தார்கள். 1859-இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் இரு ஆங்கிலேயர் நேரிற் சென்று சோதித்து, அது மெய் என்று சான்று பகர்ந்தனர். டார்வினுடைய பரிணாம நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இச்செய்திகளை இந்தியாவில் இருந்துகொண்டு படித்த ஃபூட், அத்தகைய கற்கள் இங்கும் இருத்தல் வேண்டும் என்று கருதித் தேடலானார். பல்லாவரத்திற்கு நான்கு மாதங்களுக்குப் பின், செப்டம்பர் 28-ந் தேதி, கிங்குடன் சென்று பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அங்கே கல்லாயுதங்கள் ஒன்றிரண்டல்ல, குவியல் குவியலாகக் கிடந்தன.

ஆனால் வழக்கில் ஒரு பெரிய குறை இருந்தது. சோம் நதிக்கரையில் கல்லின் வயதைச் சொன்னது கல்லன்று; பக்கத்திற் கிடந்த எலும்பு. கம்பளி போர்த்தாற்போன்ற காண்டாமிருகமும் சடையானையும் எப்போது அழிந்தனவோ அப்போதே அல்லது அதற்கு முன்னரே மனிதன் இருந்தான் என்பதே அங்குச் செய்யப்பட்ட வாதம். சென்னையைச் சுற்றியுள்ள செம்புறைச் சரளையிலோ எலும்பு தங்குவதில்லை. மழைநீர் ஊறி ஊறி அம்மண் எலும்பின் சுண்ணத்தைக் கரைத்துவிடும். ஆயுதங்கள் ஆயிரம் கிடைத்தும், அவற்றைப் பிடித்த மனிதன் எந்த மிருகங்களோடு வாழ்ந்தான் என்று கூறச் சாட்சி இல்லை. இக்குறையை ஃபூட் நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய பிற்கால அலைச்சல்களில் பாதிக்கு இதுவே காரணம் எனலாம்.

முதற் பலன் கன்னட நாட்டிற் கிட்டியது. பெல்காம் ஜில்லாவில் கோகாக்குக்கு அருகே சிக்தௌலி என்னும் கிராமத்தில், ஓடைக்கரைக் களிமண்ணினின்று காண்டாமிருகம் ஒன்றின் தலையோட்டுத் துண்டுகளும் தாடையும் பற்களும் வெளிப்பட்டன. மண்ணில் நெடுங்காலம் கிடந்து கல்லாய்ச் சமைந்த எலும்பு கையில் எடுத்தால் உதிரும். துண்டு துண்டாய்ச் சேர்த்து ஒட்டினால்தான் உருவம் புலப்படும். பல்லின் மேற்பரப்பிலுள்ள மடிப்புகளை இன்றைய காண்டாமிருகங்களின் பல்லோடு ஒப்பிட்டு, இது தனி இனம் என்று முடிவு செய்து, தக்காணத்தின் பெயரையே அதற்குச் சூட்டி, 1874-இல் ஃபூட் அதை வெளியிட்டார். புல்லும் சேறும் நீரும் உள்ள இடத்தில் வாழும் மிருகம் காண்டாமிருகம். இன்று அஸ்ஸாமிலும் வடவங்கத்திலும் நேபாளத்திலும் ஒதுங்கி நிற்கும் அந்த ஜாதி, ஒரு காலத்தில் வறண்ட பெல்காம் சீமையில் மேய்ந்திருக்கிறது. ஒரு தாடையெலும்பு ஒரு தேசத்தின் பழைய மழையையும் பசுமையையும் கூறவல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

பெரிய வாய்ப்பு கர்னூலில் வந்தது. பேதம்செர்லாவை அடுத்த பில்லசுர்க்கம் குகைகளில் எலும்புகள் கிடப்பதை நியூபோல்டு என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் 1844-லேயே எழுதியிருந்தார். நாற்பது ஆண்டுகள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர், டார்வினுடைய கட்சியை முன்னின்று வாதாடிய ஹக்ஸ்லி, சென்னைக் கவர்னராயிருந்த கிராண்ட் டப்புக்கு அக்குகைகளை நினைவூட்டினார். கடற்கரையில் உலாவும் சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்ட கவர்னர் இவரே. மயிலாப்பூர் வாசிகள் மாலைதோறும் அனுபவிக்கும் அந்த உபகாரத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1884-இல் வேலை ஃபூட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பார்வையிட்டுத் தொடங்கிவைக்க, பீரங்கிப்படையில் லெப்டினென்டாயிருந்த அவருடைய குமாரர் ஹென்றி தொடர்ந்து தோண்டினார்.

அடுக்கடுக்காக மண்ணை நீக்கி, எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று குறித்துக்கொண்டே சென்றனர். ஆயிரக்கணக்கான எலும்புகள் வந்தன. அவற்றைப் பரிசீலித்த லைடெக்கர் என்னும் நிபுணர் 1886-இல் தமது முடிவை வெளியிட்டு, கர்னூலின் பெயரை ஒரு காண்டாமிருகத்திற்கும் ஒரு புனுகுப்பூனைக்கும் சூட்டினார். முள்ளம்பன்றி, மான், பன்றி, கழுதைப்புலி ஆகியவற்றுக்கு நடுவே, இந்தியாவில் இன்று காணப்படாத ஆப்பிரிக்க ஜாதிக் குரங்கு ஒன்றும் இருந்தது. மண் வெட்டிச் சுமந்த கூலியாட்களின் பெயர்களை மட்டும் சரித்திரம் வைத்துக்கொள்ளவில்லை.

அக்குகைகளின் முழுப் பொருள் நமது காலத்தில்தான் விளங்கலாயிற்று. 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பில்லசுர்க்கத்து மண்ணடுக்குகளின் வயது நவீன முறைகளால் கணக்கிடப்பட்டது. அங்கே அடையாளம் காணப்பட்ட 21 வகைப் பாலூட்டிகளில் 20 வகைகள் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகளாகவும், சில இரண்டு லட்சம் ஆண்டுகளாகவும், அறுபடாமல் இன்றுவரை நமது துணைக்கண்டத்தில் நிலைத்திருக்கின்றன. மறைந்தது எத்தியோப்பிய மலைகளில் இன்று வாழும் கெலாடா என்னும் குரங்கின் உறவினமாகிய அந்த ஒன்றுதான். இதே காலத்தில் ஐரோப்பா சடையானையை இழந்தது. அமெரிக்கா யானையளவு பருத்த தேவாங்கு போன்ற நிலமிருகத்தை இழந்தது. ஆஸ்திரேலியா தன் பெருமிருகங்களில் ஏறக்குறைய யாவற்றையும் இழந்தது. இங்கோ, ஒரு காடு வறண்டால் அடுத்த பள்ளத்தாக்கிற்கு ஒதுங்கிப் பிழைக்கும்படி, வனமும் புல்வெளியும் ஆற்றுப்படுகையும் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடந்தமையே இந்நிலைப்புக்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பரிணாமம் என்றவுடன் விசித்திர மிருகங்கள் தோன்றி மாய்ந்த ஊர்வலமே பலருக்கு நினைவு வருகிறது. தாக்குப்பிடித்து நிற்பதும் அதே கதையின் பகுதிதான் என்பதைக் கர்னூல் எலும்புகள் காட்டுகின்றன. அவ்வாறு இரண்டு லட்சம் ஆண்டு பிழைத்தவற்றுக்கு அத்தொடர்ச்சியை நாம் ஒரு நூற்றாண்டுக்குள் ரயிலாலும் சாலையாலும் தோட்டங்களாலும் துண்டாடிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

அத்திரம்பாக்கத்தின் பழைய குறையும் ஒருவாறு தீர்ந்தது. சாந்தி பாப்புவும் அவருடைய குழுவினரும் நடத்திய அகழ்வில், குதிரை, எருமை, நீலான் ஆகியவற்றின் ஜாதியைச் சேர்ந்த பற்கள் சில கற்கருவிகளோடு கிடைத்தன. அங்குள்ள கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. இத்தனை பெரிய எண்ணை ஃபூட் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

இவ்விடத்தில் குமரிக்கண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. லெமூரியா என்னும் பெயரை 1864-இல் படைத்தவர் ஸ்கிளேட்டர் என்னும் பிராணி நூலார். தேவாங்கின் உறவினங்கள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதற்கு விளக்கம் தேடி, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். ஃபூட்டின் சகாவான பிளான்போர்டும் 1875-இல் புதைபடிவங்களை ஆதாரமாகக் கொண்டு இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பழைய நிலத்தொடர்பு உண்டென எழுதினார். கண்டங்களே நகர்கின்றன என்று தெளிவானபின், மூழ்கிய நிலம் விஞ்ஞானிகளுக்கு வேண்டாததாயிற்று. அவர்கள் கைவிட்ட ஊகத்தை நமது அன்பர்கள் எடுத்து அரியணையில் வைத்துக்கொண்டார்கள்! பல்லாவரத்துக் கல் கையில் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும்போது, மூழ்கிய கண்டத்தைச் சாட்சிக்கு அழைப்பது கெட்டிக்காரத்தனமான வக்கீல் செய்யும் காரியமன்று.

ஃபூட்டும் தவறு செய்யாதவர் அல்லர். பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் நடுவே தென்னாட்டில் மனித சஞ்சாரமற்ற நீண்ட இடைவெளி இருந்ததென அவர் நம்பினார். பின்வந்தோர் அவ்விடைவெளியை நிரப்பிவிட்டனர். ஆனால் அவரைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் கல்லையும் எலும்பையும் ஊர், இடம், ஆழம் ஆகிய குறிப்புகளோடு விட்டுச் சென்றமையே. பாதுகாக்கப்படாத சாட்சியின் கதி யாது என்பதற்கும் பில்லசுர்க்கமே உதாரணமாகிறது. அங்கே எலும்பாற் செய்த கருவிகளும் கிடைத்ததாக ஃபூட் எழுதினார். அப்பொருள்கள் பின்னர் மறைந்தமையால் அவர் கூற்று நெடுங்காலம் ஐயத்திற்கு இடமாயிற்று. 1970-களில் எம். எல். கே. மூர்த்தி அதே கர்னூல்ச் சீமையிலுள்ள முச்சட்ல சிந்தாமணு கவி என்னும் குகையில் எலும்புக் கருவிகளைக் கண்டெடுத்தபின்தான் வழக்கு ஃபூட்டின் பக்கம் தீர்ந்தது.

இதனினும் வருந்தத்தக்கது அரியலூர்ச் சீமையின் கதை. கல்லமேட்டில் கண்டெடுத்து 1987-இல் பிருகத்காயசாரஸ் என்று பெயரிடப்பட்ட பிரமாண்டமான பல்லியினத்தின் எலும்புகள் பிற்பாடு உதிர்ந்து போயின. உலகத்தின் மிகப் பெரிய நிலமிருகம் அதுவாக இருக்கலாம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாதிப்பவர் கையில் பழைய படங்களும் அளவுகளுமே எஞ்சியிருக்கின்றன. இது வெள்ளைக்கார ஆட்சியில் நேர்ந்ததன்று. நமது ஆட்சியில் நேர்ந்தது.

1891-இல் ஃபூட் இலாகாவினின்று ஓய்வு பெற்றார். பின்னர்ப் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பூகர்ப்பப் பணி புரிந்துவிட்டு, ஏற்காட்டில் தங்கித் தாம் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்தவற்றை வகைப்படுத்தினார். அத்திரட்டைச் சீமைக்குக் கொண்டுபோயிருந்தால் தடுப்பார் இல்லை. 1904-இல் சென்னைச் சர்க்கார் 40,000 ரூபாய் கொடுத்து எழும்பூர்க் கண்காட்சி சாலைக்கு வாங்கியது. அக்காலத்து ரூபாயில் அது சிறு தொகையன்று; ஆனால் வேறு எவ்வகையிலும் அச்சர்க்கார் அத்துணை நல்ல பேரம் செய்ததாக நாம் அறியோம்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் ஃபூட் காலமானார். அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டு மாதாகோயிலில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, கிடைத்த இடத்தைக் குறித்து அவர் எழுதிவைத்த அட்டவணை 1914-இலும், அவற்றின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916-இலும் சென்னையில் அச்சேறின.