நெருப்பின் கணக்கை எழுதிய சாடி கார்னோ

ஆற்றல் என்ற சொல்லுக்குத் தமிழில் எல்லை மிகப் பெரிது. புத்தகக் கடையில் அந்தத் தலைப்பில் தேடினால் சூரிய மின்சாரம், காற்றாலை குறித்த நூல்களும், மன ஆற்றல், மூச்சுப் பயிற்சி குறித்த நூல்களும் அக்கம்பக்கமாக வந்து நிற்கின்றன. இவ்விரு வகையிலும் நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை, இதுவரை கிட்டாத ஒன்று இனிக் கிட்டும் என்று வாசகருக்கு வாக்களிப்பவை. ஆனால், இத்துறையில் மிகப்பெரிய விளைவை உண்டாக்கிய ஒரு சிறு நூல், எவ்வளவு முயன்றாலும் எவ்வளவுக்கு மேல் கிட்டாது என்பதைச் சொல்வதற்காக எழுதப்பட்டது. 118 பக்கங்கள் கொண்ட அந்த நூல் 1824-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரீஸில் வெளிவந்தது. எழுதிய சாடி கார்னோவுக்கு அப்போது வயது 28. தம் வாழ்நாளில் அவர் வெளியிட்ட நூல் அது ஒன்றுதான்.

கார்னோ 1796-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி பாரீஸில் பிறந்தார். தந்தை லசார் கார்னோ, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைகளை உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றவர். அப்போது நாட்டை ஆண்ட ஐவர் குழுவில் ஒருவர். இயந்திரங்களின் இயக்கம் பற்றி நூல் எழுதிய கணித அறிஞரும்கூட. பாரசீகக் கவிஞர் சாடியின் மீது கொண்ட பற்றால் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே.

சாடிக்கு நான்கு வயதிருக்கும்போது நடந்ததாக அவர் தம்பி இப்போலித் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். நெப்போலியனின் மனைவியும் தோழியரும் குளத்தில் படகோட்டிக் கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற நெப்போலியன், அவர்கள் மீது நீர் தெறிக்கும்படி விளையாட்டாகக் கல்லெறிந்தாராம். அதைக் கண்ட சிறுவன் ஓடிச்சென்று அவரை அதட்ட, நெப்போலியன் வாய்விட்டுச் சிரித்தாராம். தம்பி எழுதும் வரலாற்றில் பாசம் சற்றுக் கூடுதலாகக் கலந்திருக்கும் என்றாலும், பிற்காலத்து சாடியின் குணத்தோடு இது பொருந்துகிறது.

1812-இல், 16 வயதில், பாரீஸின் புகழ்பெற்ற பொறியியல் கல்விநிலையமான எகோல் பாலிடெக்னிக்கில் அவர் சேர்ந்தார். 1814-இல் பகைவர் படைகள் பாரீஸை நெருங்கியபோது சக மாணவர்களுடன் வின்சென்னில் நின்று போரிட்டார். அடுத்த ஆண்டு நெப்போலியன் வீழ்ந்தார். கடைசி நூறு நாள்களில் அவருடைய உள்துறை அமைச்சராக இருந்த லசார் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதுவரை கதவுகளைத் திறந்துவிட்ட கார்னோ என்ற பெயர், அன்று முதல் கதவுகளைச் சாத்தியது. இளம் பொறியாளரான சாடி கோட்டைக்குக் கோட்டை மாற்றப்பட்டார். மதில்களைப் பழுதுபார்ப்பதும், எவரும் படிக்காத அறிக்கைகளை எழுதுவதுமே அவருக்கு வாய்த்த பணி. 1819-இல் ராணுவத் தலைமையகப் பிரிவுக்குத் தேர்வெழுதித் தேறினார். உடனே அரைச் சம்பளத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பாரீஸில் தங்கிவிட்டார். அவர் எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது அந்த விடுப்பு என்பேன்.

பாரீஸில் அவர் பட்டறைகளுக்குச் சென்றார், வேதியியல் விரிவுரைகளைக் கேட்டார், பொருளாதாரம் படித்தார், வயலின் வாசித்தார். வாள்வீச்சு, நீச்சல், உடற்பயிற்சி, பனிச்சறுக்கு என உடலையும் பழக்கினார். தமக்கென்று சில நடத்தை விதிகளையும் எழுதி வைத்துக்கொண்டார். அன்றைய நாளுக்கான திட்டத்தைக் காலையில் வகுத்துக்கொள்வது, செய்தவற்றை மாலையில் எண்ணிப் பார்ப்பது போன்றவை எந்தத் தன்முன்னேற்ற நூலிலும் இருப்பவைதாம். எனக்குப் பிடித்த விதி வேறு. உலாவப் போகும்போது ஒரு புத்தகமும், தோன்றுவதைக் குறித்துக்கொள்ள ஓர் ஏடும், தேவைப்பட்டால் உலாவை நீட்டித்துக்கொள்ள ஒரு துண்டு ரொட்டியும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அது. நடப்பதற்கும் எரிபொருள் வேண்டும் என்று எண்ணிய மனிதர்!

அப்போது பிரான்ஸ் தோற்றுப்போன நாடு. வென்ற இங்கிலாந்தின் வலிமைக்குக் காரணம் நீராவி இயந்திரம் என்பது கார்னோவின் கருத்து. இங்கிலாந்து தன் கடற்படையை இழந்தாலும் பிழைத்துக்கொள்ளும், நீராவி இயந்திரங்களை இழந்தால் அதன் செல்வமே வற்றிப்போகும் என்ற பொருள்பட நூலின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். அந்த இயந்திரங்களோ கைப்பழக்கத்தால் வளர்ந்தவை. அவற்றுள் மிகச் சிறந்தவைகூட நிலக்கரியில் உள்ள இயக்குதிறனில் 20-இல் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை என்று அவர் கணக்கிட்டார். எங்கே ஒழுகுகிறது, எதை மாற்றலாம் என்று பொறியாளர்கள் தேடிக் கொண்டிருந்தபோது, அவர் வேறொரு கேள்வியைக் கேட்டார். எவ்விதக் குறையுமற்ற இயந்திரம் ஒன்று இருந்தால், அதற்கும் ஓர் எல்லை உண்டா?

விடைக்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை நீர்ச்சக்கரம். நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும்போதுதான் சக்கரம் சுழல்கிறது. எவ்வளவு நீர் இருந்தாலும் தேங்கி நின்றால் பயனில்லை. வெப்பமும் அப்படியே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு அது இறங்கும்போதுதான் வேலை கிடைக்கிறது. ஆகவே, நெருப்பு மட்டும் போதாது, குளிர்ச்சியும் வேண்டும். கிடைக்கக்கூடிய வேலையின் உச்ச அளவை நிர்ணயிப்பவை அவ்விரு வெப்பநிலைகள் மட்டுமே. உள்ளே இருப்பது நீராவியா, காற்றா, சாராய ஆவியா என்பது பொருட்டே அல்ல. இந்த எல்லையை மிஞ்சும் இயந்திரம் ஒன்று இருந்தால், அதைப் பின்னோக்கி ஓடும் இன்னோர் இயந்திரத்துடன் இணைத்து, எரிபொருளே இல்லாமல் என்றென்றும் வேலை வாங்கலாம். அது நடவாத காரியம் என்பதால் அத்தகைய இயந்திரமும் இருக்க முடியாது என்று நிறுவினார்.

200 ஆண்டுகள் கழிந்தும் இக்கணக்கிலிருந்து எவரும் தப்பவில்லை. 540 டிகிரி செல்சியஸ் நீராவியில் இயங்கி 40 டிகிரியில் குளிரும் ஓர் அனல் மின்நிலையத்துக்குக் கார்னோவின் எல்லை சுமார் 61 சதவீதம். உலோகத்தின் தாங்குதிறன், உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் கிடைப்பது 40 சதவீதத்தை ஒட்டியே. எஞ்சியது குளிரூட்டும் நீருடனும் புகையுடனும் வெளியேறுகிறது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலும் வெப்பத்தைக் கொண்டு இயங்குபவை இதற்குக் கட்டுப்பட்டவையே. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு 27 டிகிரி, ஆழத்து நீர் 7 டிகிரி என்று கொண்டால், அந்த வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கான உச்ச எல்லை 7 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் அது வீண் முயற்சி ஆகிவிடாது; கடலுக்கு எரிபொருள் செலவு கிடையாது. ஆனால், மாபெரும் குழாய்களும் பெருமளவு நீரும் ஏன் தேவைப்படுகின்றன என்பது இந்த ஓர் எண்ணிலேயே விளங்கிவிடுகிறது. ஆற்றல் திட்டங்களைப் பற்றிய அறிவிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். அது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

கார்னோ தம் நூலைச் சொந்தச் செலவில் 600 படிகள் அச்சிட்டார். துறை சாராதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகக் கையெழுத்துப் படியைத் தம்பியைப் படிக்கச் செய்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் நூல் அறிமுகம் செய்யப்பட்டது. நல்ல மதிப்புரையும் வந்தது. அறிஞர் உலகம் அவரை அவமதித்ததாகக் கூறும் வரலாறுகளை என்னால் ஏற்க இயலவில்லை. நூல் பாராட்டப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. பொறியாளர்களுக்கு அது தத்துவமாகத் தெரிந்தது, அறிஞர்களுக்குக் கொதிகலன் விவகாரமாகத் தெரிந்தது.

1828-இல் அவர் ராணுவத்திலிருந்து விலகினார். 1832-ஆம் ஆண்டு கோடையில் முதலில் செங்காய்ச்சலும், அதைத் தொடர்ந்து மனக்குழப்பமும் கண்டன. பாரீஸைக் காலரா சூறையாடிய ஆண்டு அது. பிரதமரே அதற்குப் பலியாகியிருந்தார். ஆகஸ்ட் 24-ஆம் தேதி, இவ்ரியிலிருந்த மனநல இல்லத்தில், காலரா கண்டு கார்னோ இறந்தார். வயது 36. தொற்று பரவாதிருக்க நோயாளியின் உடைமைகளை எரித்துவிடும் வழக்கத்தால் அவருடைய தாள்களில் பெரும்பகுதி அழிந்துபோனது என்பர்.

நூல் பிழைத்தது ஒருவரால். 1834-இல் கிளாப்பேரோன் என்ற பொறியாளர் அதன் கருத்துகளைக் கணித வடிவில் ஒரு கட்டுரையாக்கினார். அதைப் படித்துவிட்டு மூலநூலைத் தேடி 1845-இல் பாரீஸின் புத்தகக் கடைகளில் அலைந்தார், 20 வயது வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர். அவரும் பிறந்தது 1824 ஜூன் மாதம்தான். கடைக்காரர்கள் தம்பி இப்போலித் எழுதிய சமூகவியல் நூலை எடுத்து நீட்டினார்கள். கார்னோவின் நூல் அவர் கைக்கு வந்தது 1848-இன் இறுதியில். அதற்குள், கட்டுரையை மட்டும் வைத்தே, இன்று அவர் பெயரால் வழங்கும் வெப்பநிலை அளவுகோலை அமைத்துவிட்டார். 1850-இல் ஜெர்மனியின் கிளாசியஸ், கார்னோவின் முடிவைப் புதிய அடித்தளத்தில் நிறுத்தினார்.

புதிய அடித்தளம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. வெப்பம் என்பது அழியாத ஒரு பாய்மம் என்ற அக்காலக் கொள்கையை நூலில் கார்னோ ஏற்றிருந்தார். ஆனால், அதை அவரே முழுதாக நம்பவில்லை. நெருப்புக்குத் தப்பிய சில தாள்களை இப்போலித் தம் 77-ஆம் வயதில், 1878-இல், நூலின் மறுபதிப்போடு வெளியிட்டார். வெப்பம் என்பது துகள்களின் இயக்கமே என்றும், இயற்கையில் இயக்குதிறனின் மொத்த அளவு மாறுவதில்லை என்றும் அவற்றில் எழுதியிருந்தது. ஒரு கிலோகலோரி வெப்பம் சுமார் 370 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் என்ற கணக்கும் இருந்தது. இன்றைய மதிப்பு 427. அதற்குள் ஜூலின் சோதனைகள் நடந்து முடிந்து 30 ஆண்டுகளாகியிருந்தன. அந்தத் தாள்களில் இருந்ததெல்லாம் பாடப்புத்தகங்களுக்கு வந்துவிட்டிருந்தது.