அணையை உடைத்த விமானி: கய் கிப்சன்



தோல் வியாபாரத்தில் இருக்கிறவனுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீங்க. பல வருஷத்துக்கு முன் ஆம்பூரில் நண்பர் ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானிகள். எல்லார் மேலும் உள்பக்கம் ரோமம் வைத்த ஆட்டுத்தோல் ஜாக்கெட். என் கண் தோலைத்தான் பார்த்தது. அந்த ஜாக்கெட்டைப் பற்றித் தேடிப் படிக்கப் போய்த்தான் கய் கிப்சன் எனக்கு அறிமுகமானார்.

அவர் பிறந்தது நம் நாட்டில்தான். 1918 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, சிம்லாவில். அப்பா இந்திய வனத்துறையில் அதிகாரி. ஆறு வயசில் அம்மாவோடு இங்கிலாந்து போனார். பெற்றோர் பிரிந்துவிட, பையன் விடுதிப் பள்ளிகளிலேயே வளர்ந்தான். விமானப்படைக்கு மனுப் போட்டபோது முதல் தடவை மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. ஆள் குள்ளம். விடவில்லை, மறுபடி மனுப் போட்டு 1936-இல் சேர்ந்தார்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. அன்றைக்கே குண்டு ஏற்றிக்கொண்டு பறந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. 170-க்கும் மேற்பட்ட தடவை போர்ப் பறப்பு. போன விமானம் திரும்பி வருமா என்று தெரியாத காலத்தில் இது சாதாரண எண்ணிக்கை இல்லை. கீழே வேலை செய்பவர்களிடம் ரொம்பக் கறாராக இருப்பார், எல்லாருக்கும் அவரைப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1943 மார்ச்சில் 617-ஆம் ஸ்குவாட்ரன் என்ற புதுப் படைப்பிரிவு உருவானது. தலைவர் கிப்சன், வயசு 24. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குத் தண்ணீரும் மின்சாரமும் தந்த அணைகளை உடைப்பதுதான் வேலை. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் அதற்கென்றே ஒரு குண்டு வடிவமைத்திருந்தார். சின்ன வயசில் ஏரித் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடியிருக்கிறோமே, தத்தித் தத்திப் போகுமே, அதே வித்தைதான். பீப்பாய் வடிவம், 4 டன்னுக்கு மேல் எடை. பின்பக்கமாகச் சுழற்றி விட்டால் தண்ணீர்மேல் குதித்துக் குதித்து, தடுப்பு வலைகளைத் தாண்டி, அணைச் சுவரில் மோதி மூழ்கி வெடிக்கும். ஆனால் விமானம் 60 அடி உயரத்தில், ஒரு நெடிய தென்னை மர உயரத்தில், ராத்திரியில் பறக்க வேண்டும்!

மே 16-ஆம் தேதி இரவு 19 லங்காஸ்டர் விமானங்கள், 133 பேர் புறப்பட்டார்கள். முதல் நாள்தான் அவருடைய செல்ல நாய் கார் மோதிச் செத்திருந்தது. நடுராத்திரி, தான் ஜெர்மனி மேல் பறக்கும் நேரத்தில் அதைப் புதைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மோனே அணையை முதலில் தாக்கியது கிப்சன். அணை அசையவில்லை. இரண்டாவது விமானம் சுடப்பட்டு விழுந்தது. அடுத்து வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே கிப்சன் பறந்து, எதிரியின் பீரங்கிகளைத் தன் பக்கம் இழுத்தார். தன் குண்டைப் போட்டு முடித்தவர் ஒதுங்கிப் போயிருக்கலாம், போகவில்லை. ஐந்தாவது விமானத்தின் குண்டில் அணை உடைந்தது. பிறகு ஏடர் அணையும் உடைந்தது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் மாண்டார்கள், 3 பேர் சிறைப்பட்டார்கள். கிப்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

இங்கேதான் எனக்கு மனசு நிற்கிறது. 1903 நவம்பரில், மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து பாலாறு பெருகி, வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 பேரைக் கொண்டுபோனதே, அந்த நினைவுத் தூணைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ராத்திரியில் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரூர் பள்ளத்தாக்கில் அன்றைக்கு 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கணக்கானோர் ஜெர்மானியரே இல்லை. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டு முகாமில் அடைபட்டுக் கிடந்த அயல்நாட்டுப் பெண்கள். மோனே அணையையோ ஐந்து மாதத்துக்குள் கட்டிவிட்டார்கள். 1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்ந்த புதிய நெறிமுறை, பொதுமக்களுக்குப் பெருஞ்சேதம் வரும்படி அணைகளைத் தாக்கக் கூடாது என்று சொன்னது.

கிப்சனை அதற்குப் பிறகு சர்ச்சிலோடு கனடாவுக்கு அனுப்பினார்கள், மேஜை வேலை கொடுத்தார்கள். அவருக்கு அது ஒட்டவில்லை. கேட்டுக் கேட்டுத் திரும்பவும் பறந்தார். 1944 செப்டம்பர் 19 இரவு ஒரு தாக்குதலை வழிநடத்திவிட்டுத் திரும்பும்போது, அவருடைய மொஸ்கிட்டோ விமானம் நெதர்லாந்தில் ஸ்டீன்பெர்கன் என்ற ஊரில் விழுந்தது. கூட இருந்த வழிகாட்டி ஜிம் வார்விக்கும் இறந்தார். கிப்சனுக்கு வயசு 26. இருவரும் அந்த ஊரிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர் எழுதிய புத்தகம் 1946-இல், அவர் பார்க்காமலே வெளிவந்தது.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு சிப்பாய் தந்த ஊர்கள் உள்ள பக்கம் நம்முடையது. போனவன் திரும்பாத வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் புகுந்த வீடும் தெரியும். அதனால் கிப்சனை நினைக்கும்போது அவருடைய துணிச்சலுக்கு ஒரு வணக்கம். அந்த ராத்திரி தண்ணீரில் போனவர்களுக்கு ஒரு நிமிஷ மௌனம். இரண்டில் ஒன்றை விட்டாலும் கதை பாதிதான்.