தளராத் தொண்டர் வில்லியம் கேரி

பிறந்த நாடு ஒன்று. உழைத்து மறைந்த நாடு மற்றொன்று. அவ்வாறு வங்காள மண்ணில் நாற்பது ஆண்டுகள் தொண்டாற்றியவர் வில்லியம் கேரி. அவர் கிறித்தவ சமயத்தின் சீர்திருத்தப் பிரிவைச் சார்ந்த போதகர்.

இளமை

கேரி 1761ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நெசவாளர், பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். வறுமை காரணமாகக் கேரி செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றார். தொழிலுக்கு இடையே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைத் தம் முயற்சியாலேயே பயின்றார். பின்னர்ச் சமயப் போதகரானார்.

துயரமும் துணிவும்

1793ஆம் ஆண்டு நவம்பரில் குடும்பத்துடன் கொல்கத்தா வந்து சேர்ந்தார். பிழைப்புக்காக அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராகப் பணியாற்றினார். மறு ஆண்டே அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். மனைவி டாரதி மனநலம் குன்றினார். 1807இல் இறக்கும்வரை அவர் நலம் பெறவில்லை. அத்துயரங்களுக்கு இடையிலும் கேரி இராம்ராம் பாசுவின் துணையுடன் வங்க மொழியைக் கற்றார்.

சீராம்பூர்ப் பணி

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் சமயப் பணியை விரும்பவில்லை. எனவே 1800இல் கேரி, டேனியர் ஆட்சியில் இருந்த சீராம்பூருக்குச் சென்றார். அங்கு மார்ஷ்மேன், வார்டு ஆகியோருடன் இணைந்து அச்சகம் நிறுவினார். பஞ்சானன் கர்மகார் என்னும் கைவினைஞர் எழுத்துகளைச் செதுக்கித் தந்தார். 1801இல் வங்க மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவ்வாண்டே கேரி வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வூதியத்தின் பெரும்பகுதியைப் பணிக்கே அளித்தார்.

1812ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அச்சகம் தீக்கிரையானது. பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த அகராதி, இலக்கணக் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. கேரி மனம் தளரவில்லை; இழந்தவற்றை மீண்டும் எழுதத் தொடங்கினார். தம் மொழிபெயர்ப்புகள் குறையற்றவை என்றும் அவர் எண்ணவில்லை. பதிப்புதோறும் அவற்றைத் திருத்தி வந்தார்.

உடன்கட்டைக் கொடுமை

1799இல் ஒரு பெண் கணவனின் சிதையில் எரிக்கப்படுவதைக் கேரி நேரில் கண்டார். தடுக்க முயன்றும் இயலவில்லை. அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. இராசாராம் மோகன்ராய் முதலியோரும் அக்கொடுமையை எதிர்த்துப் போராடினர். 1829ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பெண்டிங்கு பிரபு அதனைத் தடை செய்தார். அச்சட்டத்தை வங்க மொழியில் பெயர்க்கும் பொறுப்பு கேரியிடம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலந்தாழ்த்தினால் மேலும் ஓர் உயிர் பறிபோகலாம் எனக் கருதிய அவர், சொற்பொழிவைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். சொல்வதைவிடச் செய்வதே அன்று அவருக்கு வழிபாடாயிற்று.

நிலைத்த புகழ்

1818இல் அவரும் நண்பர்களும் நிறுவிய சீராம்பூர்க் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது. 1820இல் அவர் முயற்சியால் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. வங்க உரைநடையின் வளர்ச்சியிலும் அவருக்குப் பங்குண்டு. 1834ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் சீராம்பூரிலேயே அவர் மறைந்தார். எளிய தொழிலாளியின் விடாமுயற்சியும் பல தலைமுறைகளுக்குப் பயன் தரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.